உப்பும் சிமெண்டும் தின்னும் கொட்டகை

பழைய சினிமாக் கொட்டகையின் பக்கச் சுவரிலிருந்து விழுந்து கிடக்கும் சிமெண்ட் பூச்சில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். பின்பக்கம் செங்கல்லின் முகம் தோல் உரிந்தாற்போல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் பஞ்சு போல, மயிரிழை மயிரிழையாக வெள்ளையாய் ஏதோ நிற்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். ராமநாதபுரம் கடற்கரையில், தேவிபட்டினமோ மண்டபமோ கீழக்கரையோ தொண்டியோ, ஒரு டாக்கீஸ் இடிபடப் போகிறது என்ற பேச்சு எழுந்தால் அதன் வேர் பெரும்பாலும் இந்தத் துண்டில் இருக்கிறது.

இடிக்க வருகிறவர்கள் யாரும் ஊரின் நினைவை அழிக்க வந்திருக்கிறோம் என்று சொல்வதில்லை. கையில் ஒரு தாள் இருக்கும். ‘கட்டடம் பழுதடைந்துவிட்டது, எந்நேரமும் விழலாம்’ என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாள் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டால் அதற்குப் பிறகு பாரம்பரியம், சரித்திரம் என்று யார் பேசினாலும் எடுபடாது. உயிருக்கு ஆபத்து என்ற சொல்லை மீறிப் பேச யாராலும் முடியாது, பேசவும் கூடாது. தூத்துக்குடியில் 1979-ல் ஒரு டூரிங் கொட்டகையில் பற்றிய தீயில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. ஆகவே ஒரு கொட்டகையைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் அந்தத் தாள் எழுதப்படுவதற்கு முன்பே கட்டடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அறுபது எழுபது வருஷத்துக் கட்டடம் வயதால் சாவதில்லை. கூரை ஒழுக்கு, சுவரில் ஏறிய உப்பு, அந்த உப்பை வெளியே விடாத சிமெண்ட், அடைத்துவிட்ட காற்றுவழி, இந்த நான்கால்தான் சாகிறது. நான்குக்கும் வைத்தியம் உண்டு.

தமிழ்நாட்டில் கொட்டகைகள் காணாமல் போன வேகம் எல்லோருக்கும் தெரியும். மதுரையில் 1952-ல் திறந்த தங்கம் தியேட்டர் இன்று இல்லை. அதே சமயம் சென்னை அண்ணா சாலையில் 1913-ல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர் தபால் நிலைய வளாகத்துக்குள் தபால்தலை நிலையமாக இன்னும் நிற்கிறது. நூறு வருஷத்தைத் தாண்டியும் அது நிற்பதற்குக் காரணம், படம் ஓடுவது நின்ற பிறகும் அந்தக் கட்டடத்துக்கு ஒரு வேலை இருந்ததுதான். கட்டடத்துக்கு வேலை இருந்தால் கூரையை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

நம் கரையோரத்துக் கொட்டகைகளின் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாடகக் கொட்டகையாகவோ டூரிங் டாக்கீஸாகவோ கீற்றும் மணல் தரையுமாக இருந்து, பிறகு செமி பெர்மனன்ட், பிறகு பெர்மனன்ட் என்று லைசென்ஸ் மாற மாறச் சுவர் எழும்பியவை பல. முகப்பில் டிக்கெட் கவுண்டர்கள், மேலே படம் காட்டும் ஆபரேட்டர் அறை, உள்ளே நீள ஹால், இரு பக்கமும் சாய்ந்த ஓட்டுக் கூரை அல்லது ஷீட் கூரை, அதைத் தாங்கும் முக்கோணச் சட்டமான டிரஸ், தேக்கிலோ ஆங்கிள் இரும்பிலோ. சுவர் செங்கல். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் பழைய சுவர் என்றால் பவளப்பாறைக் கல்லும் இருக்கும். முதலில் எல்லாமே சுண்ணாம்புக் காரை. பின்னால், ‘பலப்படுத்துகிறோம்’ என்று சொல்லி அதன் மேல் அப்பியது சிமெண்ட்.

அப்பியதால் என்ன கெட்டது என்று கேட்கலாம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் காய்ந்து மறுபடி பளிங்காகும். நம் கரையில் விடிகாலையில் ஈரம் அந்த அளவைத் தாண்டுகிறது, நடுப்பகலில் வெயில் ஏறினால் இறங்குகிறது. அதாவது சுவருக்குள் இருக்கும் உப்பு ஏறக்குறைய நாள்தோறும் ஒருமுறை கரைந்து ஒருமுறை பளிங்காகிறது. பளிங்காகும்போது செங்கல்லின் நுண்துளைக்குள் விரிந்து தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியே வந்து மேல்பரப்பில் காயும், உப்பு அங்கே வெள்ளையாய்ப் பூக்கும், துடைத்துவிடலாம். சிமெண்ட் பூச்சு விடாது. ஈரம் அதற்குப் பின்னால் தங்கும், உப்பும் அங்கேயே பளிங்காகும், உடைவது செங்கல்லின் முகம். பூச்சு கெட்டியாக இருக்க இருக்கச் சுவர் உள்ளே கரையும். எமல்ஷன் பெயிண்டும் இதே கெடுதலைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

தரையிலிருந்து மூன்று நாலடி உயரம் வரை மட்டும் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தால் ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. மேலேயிருந்து நாக்கு நாக்காகக் கறை இறங்கினால் கூரை ஒழுக்கு. கடலைப் பார்த்த சுவர் மட்டும் முழுக்கச் சொரசொரத்துப் போயிருந்தால் காற்று கொண்டுவந்த உப்பு. வடகடலான பாக் விரிகுடாப் பக்கத்து ஊர்களில் வாடைக் காற்றுக்கு முகம் காட்டும் சுவரையும், தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கத்தில் கச்சான் காற்று அடிக்கும் சுவரையும் முதலில் பாருங்கள்.

அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கு ஊரே சேர்ந்து செய்த ஒரு காரணமும் உண்டு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, இன்று தெரு மட்டம் கொட்டகையின் வாசற்படிக்கு மேலே போய்விட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. அதைத் தடுக்கச் சுவரைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போடுகிறார்கள். தரை வழியாக ஆவியாகிப் போக வேண்டிய ஈரத்துக்கு அந்த வழியும் அடைபட்டு, சுவர் வழியாகவே ஏறுகிறது. சிமெண்ட் தளத்தைச் சுவரோரம் ஒன்றரை அடிக்கு வெட்டி எடுத்து, அங்கே ஒன்றரை அடி ஆழத்துக்குச் சரளைக் கல் நிரப்பி, தண்ணீர் ஓடி வெளியேறச் சரிவு கொடுப்பதுதான் முதல் வேலை. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. அடுத்த முறை ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ முன்கூட்டியே எழுத்தில் மனு கொடுத்து வையுங்கள்.

சுவரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். சுவரில் ஓரடி, மூன்றடி, ஆறடி உயரத்தில் காரையைச் சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டித் தூளைத் தனித்தனியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி வடிகட்டுங்கள். இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட். பால் மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு, அதாவது உப்பு. எவ்வளவு அடர்த்தியாகத் திரிகிறதோ அவ்வளவு உப்பு. மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு அரைமணி நேரத்தில் முடியும். குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரே வெள்ளையாகத் திரியும்.

சிமெண்டை எடுக்கும் விதம் முக்கியம். இயந்திரச் சுத்தியல் கூடவே கூடாது. உளியைச் சுவருக்குக் குத்தாகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்து, ஏற்கெனவே உப்பிய இடத்தில் தொடங்கி ஓரமாக நெம்பி எடுக்க வேண்டும். எங்கே கெட்டியாகப் பிடித்திருக்கிறதோ அங்கே வலுக்கட்டாயமாக இழுத்தால் செங்கல் முகம் கூடவே வரும். அதை அப்படியே விட்டு ஒரு மழைக்காலம் கழித்துப் பார்ப்பது நல்லது. எடுத்தபின் தேங்காய் நார்த் தூரிகையால் உலர்வாகத் துடைத்து உப்பைக் கீழே சாக்கில் பிடித்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

அதன் பிறகு பற்று. வீக்கத்துக்குப் பற்றுப் போடுவது போலத்தான் இதுவும். உப்பில்லாத தண்ணீரில் ஊறவைத்து அரைத்த காகிதக் கூழைச் சுவரில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்ப வேண்டும். கூழின் ஈரம் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது அந்த உப்பு கூழுக்குள் வந்து சேரும். முழுக்கக் காய்ந்து தானே விரிசல் விட்டு விலகும் வரை விட்டுவிட்டு, உரித்தெடுத்து எறிந்துவிட வேண்டும். மறுபடி பயன்படுத்தக் கூடாது. மூன்று நான்கு முறை செய்து, ஒவ்வொரு முறையும் உரித்த கூழில் வெள்ளி நைட்ரேட் சோதனை பார்த்தால் திரிவது குறைந்துகொண்டே வருவது தெரியும். ஹால் முழுக்க இதைச் செய்யக் கட்டுப்படியாகாது. ஓவியமோ சுதை வேலையோ உள்ள முகப்புக்கும், பவளக்கல் தெரியும் இடங்களுக்கும் மட்டும் செய்யுங்கள். மற்ற சுவருக்கு மெலிந்த சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி ஒரு வருஷம் விடலாம். உப்பை இழுத்துக்கொண்டு அது உதிரும். உதிரட்டும், அதற்காகத்தான் பூசியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நிலையான பூச்சு.

பவளக்கல் சுவர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உடைந்த முகத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக நுண்குழிகள் தெரிந்தால் அது பவளக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிப் போனதற்குப் பாறை வெட்டியெடுத்தது பெரிய காரணம். 1986-ல் அந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது. ஆகையால் புதுக்கல் கிடைக்காது, கேட்கவும் கூடாது. சுவரில் இப்போது இருப்பதுதான் இருப்பு. பிரிக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸால் வரிசை எண், கல் எண் போட்டு, போட்டோ எடுத்து, தரையில் பலகை போட்டு அடுக்குங்கள். வளாகத்தைவிட்டு ஒரு கல்கூட வெளியே போக வேண்டாம். கொட்டகையை இடித்தால் இந்தக் கல் லோடு லோடாகப் பள்ளம் தூர்க்கத்தான் போகும். அதை நினைத்தால் மனது பொறுக்கவில்லை.

சுண்ணாம்புக்கு நம் கரையில் வழி இருக்கிறது. சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, மேலே எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் வைக்க வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். அவசரப்பட்டு ஒரு வாரத்தில் எடுத்தால் வேகாத துணுக்குகள் பூச்சுக்குள்ளேயே பிறகு நீறி, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகப் பெயரும். நீறிய சுண்ணாம்பைச் சல்லடையில் சலித்து, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. ஈரம் அதிகமுள்ள அடிப்பகுதிக்கு ஒன்றுக்கு ஒன்று செங்கல் தூள், இரண்டு மணல். கடற்கரை மணல் கூடாது. ஆற்று மணலோ எம்-சாண்டோ, எதுவானாலும் கழுவிச் சோதனை பார்த்தது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது பழைய வழக்கம். கருப்பட்டிக்கு ராமநாதபுரத்தில் பஞ்சமில்லை. ஆனால் அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். கருப்பட்டி கூடினால் பூச்சு காய நாளாகும், எறும்பும் பூஞ்சையும் வரும். ஆகவே ஹாலின் மறைவான மூலையில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் மூன்று நான்கு கலவைகளைப் பூசி, தேதி எழுதி, ஒரு மாதம் கழித்து நகத்தால் கீறிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த பூச்சுக்கு நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி. ஈரச் சாக்குத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காப்பாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலிலும் காற்றிலும் இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். சாக்கு இல்லாமல் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சு பவுடராக உதிரும். உடனே ‘பார்த்தீர்களா அண்ணே, சுண்ணாம்பு நிற்காது, சிமெண்ட் கொஞ்சம் சேர்த்துக்குவோம்’ என்பார் கொத்தனார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குப் பழக்கமான பொருள் சிமெண்ட். ‘ஒரு கைப்பிடி’ சிமெண்டுக்கு இடம் கொடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மேலே அடிப்பது வெள்ளை. நீர்க்க மூன்று முறை, கெட்டியாக ஒரு முறை அல்ல.

இனி கூரை. சுவரைவிட இதுதான் அவசரம், பணமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்ய வேண்டும். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 பிடிக்கும். 80-க்கு 40 அடி ஹாலுக்கு, கூரைச் சரிவையும் சேர்த்தால் ஐயாயிரத்துக்கு மேல் போகும். முழுதும் மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக இறக்கி விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் நல்ல ஓடு மணிபோலச் சத்தம் கொடுக்கும், கீறல் விட்டது சட்டென்று அடங்கும். புது ஓட்டை நல்ல பழைய ஓட்டோடு கலந்து அடுக்கினால் பள்ளம் சரியாகக் கவ்வாமல் ஒழுகும். பழையதை எல்லாம் ஒரு சரிவுக்கும் புதியதை எல்லாம் மறு சரிவுக்கும் ஒதுக்குங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் அடித்த கரை இது. இறவார ஓடுகளில் முதல் மூன்று வரிசையையும், இரு முனைப் பக்க ஓடுகளையும், முகட்டை ஒட்டிய வரிசையையும் ஒவ்வொன்றாகக் கம்பியால், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கட்ட வேண்டும். கட்டுக் கம்பி செம்பு அல்லது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. சாதாரணக் கட்டுக் கம்பி நம் காற்றுக்கு ஓரிரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதை உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், மேலே நடக்காதீர்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய். கழற்ற வேண்டுமானால் தண்ணீரால் நனைத்து, போல்ட்டை அறுத்து, முழு ஷீட்டாக இறக்கி, கனத்த பாலித்தீனில் சுற்றிக் கட்டி, அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும். துணி முகக்கவசம் இதற்கு ஒன்றும் செய்யாது.

டிரஸ்ஸில் பார்க்க வேண்டியது நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கு ‘டக்’ என்று எதிர்த்தால் சரி. ஒரு அங்குலம் உள்ளே போனால் முனை அழுகியிருக்கிறது. முனை அழுகியதற்காக டிரஸ் முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம். கீழே ஜாக்கி போட்டுத் தாங்கி, கெட்ட பகுதியை அறுத்து, புதுத் தேக்கைச் சாய்வாகச் சீவி இணைத்து எஃகுப் போல்ட்டு முடுக்கலாம். பலகையைச் சாய்வாகச் சீவிச் சேர்ப்பதில் கரையோரத்துப் படகு ஆசாரிகளின் கை பேர்போனது. வீட்டு மர வேலை செய்கிறவர்களைவிட அவர்களைக் கூப்பிடுவது மேல். புதைக்கும் முனையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டுக் காற்றுப் போக விடுங்கள்.

இரும்பு டிரஸ் என்றால் துரு தன் இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். சுவருக்குள் இருக்கும் முனை பருத்து, அதற்கு மேலே உள்ள செங்கல்லைப் பிளந்திருக்கும். மேலே தெரியும் விரிசலுக்குச் சிமெண்ட் அடைத்துவிட்டுப் போகிறவர்கள் நோயை விட்டுவிட்டு வடுவுக்கு மருந்து போடுகிறார்கள். செதிலைச் சுரண்டி, மிச்சமிருக்கும் கனத்தை வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெயிண்டுக்கு முன் நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்கிக் காயவைக்க வேண்டும். உப்பின் மேல் அடித்த பெயிண்ட் கொப்புளம் கட்டும். சுரண்டிய அன்றே துத்தநாகப் பிரைமர், பிறகு எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன். 1914 முதல் நின்ற பாம்பன் ரயில் பாலம் அத்தனை காலம் தாங்கியது ஓயாத பராமரிப்பால்.

ஏ.சி. போட்ட கொட்டகைகளில் இன்னொரு கெடுதல் உண்டு. மேல் வென்டிலேட்டர்களை அடைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடுகிறார்கள். சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் வெக்கையும் ஈரமும் தேங்கி, யார் கண்ணிலும் படாமல் டிரஸ்ஸைக் கரையான் தின்கிறது. கூரையைப் பற்றி எந்த முடிவும் எடுக்கும் முன் சீலிங்கில் நான்கு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். கட்டடம் பழுது என்று சொல்லும் அறிக்கை ஒரு பக்கத்தில் முடிந்தால் சந்தேகப்பட வேண்டும். எந்தச் சுவர், எந்த டிரஸ், எவ்வளவு சுமை, என்ன அளந்தீர்கள் என்று கேளுங்கள். முக்கியமாக ஒன்று: அடித்து, எகிறும் அளவை வைத்துப் பலம் சொல்லும் ரீபவுண்ட் சுத்தியல் கான்கிரீட்டுக்கான கருவி. சுண்ணாம்புக் காரைச் சுவரில் அதை அடித்துக் குறைந்த எண் வந்தது, ஆகவே பலமில்லை என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. விரிசல் ‘விரிகிறது’ என்று எழுதியிருந்தால், எத்தனை மாதம் கவனித்தார்கள் என்று கேளுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இரு முனையிலும் சுண்ணாம்பாலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாலோ ஒட்டி, தேதி எழுதி வைப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு வெயில், ஒரு மழை கழிந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், அசையவில்லை. உடைந்தால் நீங்கள்தான் முதலில் ஆட்களை வெளியேற்ற வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களில் பழகிய கட்டமைப்புப் பொறியாளரைத்தான் கூப்பிட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசிய மையம் இருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு 1984 முதல் இந்த வேலையைச் செய்கிறது.

உங்கள் பக்கத்துத் தாளும் தயாராக இருக்க வேண்டும். ஹாலின் நீள அகலத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, 1-க்கு 50 அளவில் வரைபடம். தூக்குக் குண்டால் சுவரின் சாய்வு. ஒவ்வொரு டிரஸ்ஸுக்கும் எண்ணும் போட்டோவும். பழைய விவரத்துக்குக் கலெக்டர் அலுவலகத்து லைசென்ஸ் கோப்பு பொக்கிஷம். 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1957-ஆம் ஆண்டு விதிகள் இவற்றின்படி வரைபடமும், பொதுப்பணித்துறைப் பொறியாளரும் மின் ஆய்வாளரும் கொடுத்த சான்றுகளும் அதில் சேர்ந்திருக்கும். படம் காட்ட அனுமதிக்கும் சி ஃபார்ம் லைசென்ஸ் வைத்திருந்த கொட்டகைக்குச் சான்று மேல் சான்றாகக் கட்டடத்தின் உடல்நிலைச் சரித்திரமே அங்கே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கோப்பை அழிக்கும் கெடு வருவதற்குள் கேளுங்கள்.

சட்டப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டால், 2012-ஆம் ஆண்டு தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இருக்கிறது. அந்த ஆணையத்துக்கு மனுப் போடும்போது ‘எங்கள் ஊர்ப் பெருமை’ என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, மேலே சொன்ன வரைபடத்தையும் கோப்பு நகலையும் பவளக்கல் போட்டோவையும் இணைப்பது ஆயிரம் மடங்கு பேசும். கொட்டகை உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். இடித்துவிட்டுப் புதிதாக எழுப்ப அந்த அனுமதியும் தேவை, கட்டும் பரப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரைக்காரர்களுக்கு இது பொருந்தலாம். ராமநாதபுரம் நகருக்குப் பொருந்தாது. இந்தக் கணக்கைப் பங்காளிகளிடம் எடுத்துச் சொன்னால் பல நேரம் பில்டர் சொன்ன கணக்கு மாறிப்போகும்.

பங்காளிகள் என்று சொன்னேன். கொட்டகை விற்பனைக்கு வருவதன் உண்மையான காரணம் பெரும்பாலும் அதுதான். கட்டியவர் ஒருவர், இன்று பாகஸ்தர் பதினைந்து பேர், பாதிப் பேர் வெளிநாட்டில். முதலில் வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். மனுவோடும் பத்திரிகையோடும் அவர்கள் வாசலுக்குப் போகாதீர்கள். குடும்பத்தில் மூத்தவரை மரியாதையோடு தனியாகப் பார்த்து, ‘ஐயா, உங்க அப்பா கட்டினதை ஊர் மறக்கலை’ என்று தொடங்கி, பணக்கணக்கோடு பேசுங்கள். அவர்களுக்கும் பணம் வேண்டும், அது நியாயம்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? ரோட்டோரக் காலி மனையில் கடைகள் கட்டி வாடகை. ஹாலை 600 நாற்காலியிலிருந்து 200 ஆக்கி, வெள்ளி முதல் ஞாயிறு வரை படம். மற்ற நாளில் கல்யாணம், நாடகம், பள்ளி விழா. திருமண மண்டபமாக மாற்றும்போது செய்யும் தவறு தரையிலும் சுவரிலும் பளபளக்கும் டைல்ஸ் பதிப்பது. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். டைல்ஸ் போட்ட ஹாலில் அந்தச் சத்தம் உருண்டுகொண்டே இருக்கும், மேடையில் பேசுவது பின்வரிசைக்குப் புரியாது. பழைய சணல், கயிற்றுப் பாய்ச் சுவர்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல; புதிதாகப் போடும்போது தீப்பிடிக்காத மருந்து தோய்த்ததைப் போடுங்கள். எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், நிகழ்ச்சி நேரத்தில் ஒன்றுகூடப் பூட்டியிருக்கக் கூடாது. பாரம்பரியம் என்று சொல்லி இதில் சலுகை கேட்காதீர்கள்.

ஆபரேட்டர் அறையை யாரும் தொடுவதற்கு முன் பூட்டிச் சாவியை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்காரர் முதலில் வருவது அங்கேதான். ஹாலைப் பார்த்த சிறு ஜன்னல்களின் மேல் இரும்புத் தகட்டுக் கதவுகள் தொங்கும். சூடேறினால் உருகும் ஒரு ஈயக் கண்ணி அவற்றைத் தாங்கியிருக்கும். 1950-களின் தொடக்கம் வரை வந்த நைட்ரேட் பிலிம் பெட்ரோல் மாதிரி எரியும். தீப்பிடித்த மறுகணம் கண்ணி உருகி, தகடு விழுந்து, தீயை ஹாலுக்குள் விடாமல் அடைக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மேலே கார்பன் புகை போகும் புகைபோக்கி இருக்கும். அது திறந்திருந்தால் மழை நேராக மெஷின் மேல் கொட்டும்; முதலில் அதற்கு மூடி போடுங்கள்.

சிம்ப்ளெக்ஸோ வெஸ்ட்ரெக்ஸோ போட்டோபோனோ, படம் காட்டும் மெஷினுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். மண்ணெண்ணெயில் பழைய கிரீஸைக் கரைத்துத் துடைத்து, எண்ணெய் மாற்றி, கைச்சக்கரத்தால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிலிமைக் கட்டம் கட்டமாக நிறுத்தி நகர்த்தும் மால்டீஸ் கிராஸ் தடுக்காமல் சுற்றினால் மெஷின் உயிரோடு இருக்கிறது. பெயிண்ட் அடிக்காதீர்கள். லென்ஸைக் கழற்றி சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிடும். மூலையில் கண்ணாடிக் குடுவையோடு, மின்சாரத்தை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் இருந்தால் உள்ளே பாதரசம். உடையாமல் பெட்டிக்குள் வைத்து மேலே எழுதி ஒட்டுங்கள். பிலிம் டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் அந்த ரீலை மற்ற ரீல்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். அந்த அழுகல் பக்கத்து ரீலுக்கும் பரவும்.

வேலைக்குக் காலம் குறிப்பதும் கடலைப் பார்த்துத்தான். ஜனவரி, பிப்ரவரியில் மழை விட்டதும் அளவும் சோதனையும், சுண்ணாம்பு நீற்றத் தொட்டியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகளும் ஆசாரிகளும் கரையில் இருப்பார்கள், கூலி வேலை அவர்களுக்கும் தேவைப்படும் நேரம். கூரையை அப்போது பிரித்துக் கோர்த்துவிட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை சுவரும் பூச்சும். செப்டம்பர் பாதிக்கு மேல் புதுப்பூச்சு தொடங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை வரும்போது ஈரமான பூச்சு சுவரில் இருக்கக் கூடாது.

அக்டோபரில் முதல் கனமழை இறங்கும் இரவு, இரண்டு பேர் டார்ச்சும் சாக்பீஸுமாக ஹாலுக்குள் போக வேண்டும். சொட்டு விழும் இடத்தில் தரையில் வட்டம் போட்டு, மேலே பார்த்து எந்த டிரஸ் எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில், முகட்டிலிருந்து எத்தனையாவது வரிசை என்று அருகிலேயே எழுதுங்கள். காலையில் வெயில் வந்ததும் அந்த எண்ணைப் பார்த்து ஓடு மாற்ற ஆள் ஏறட்டும்.